லேபிளில் இருக்கும் கிரகம் வானத்தில் இல்லை

1

என் மகள் கிரகம் கண்டுபிடித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது, அதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் ஊர் ஆண்டு மலர்க்காரப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். கூடவே ஒரு புகைப்படமும் வேண்டுமாம், பட்டுச்சேலை கட்டி. கேட்டது சித்திரை மாதம். இப்போது ஆடி. இடையில் நடந்தது கோவில்பட்டி முழுவதற்கும் தெரியும். தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடவே இல்லை. அந்தம்மாவிடம் இப்போது கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிறார்களாம்.

எதற்குத் தயங்க வேண்டும்? கேட்டீர்கள், எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரகம் இல்லை. செண்பகம் கண்டுபிடித்தது பொய்யாய்ப் போச்சாம் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள் அல்லவா, அவர்கள் பாதியைத்தான் பேசுகிறார்கள். அது இல்லை என்று கண்டுபிடித்ததும் என் மகள் செண்பகம்தான். வேறு எவனும் வந்து அவளைப் பிடித்துவிடவில்லை. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்லுவேன். அவசரம் உள்ளவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

நான் ஜெர்மனிக்கு வந்தது பெருமைக்கு அல்ல. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த அடுத்த வருடம், பசுவந்தனைப் பக்கம் எங்கள் கரிசல் காட்டில் பருத்தி எடுக்க ஆள் கூட்டிப் போனபோது, மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டேன். செண்பகம் வந்து, காட்டைக் குத்தகைக்கு விட்டு, என்னைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து, நான் இங்கே தங்க அனுமதி தருகிற இந்த நாட்டு அலுவலகத்துக்கு ஒன்றை நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஊரில் யாரும் இல்லை என்பதை. இருப்பதற்குக் காகிதம் கேட்டால் கொடுக்கலாம். பட்டா கேள், தருகிறேன். ரேஷன் கார்டு கேள், தருகிறேன். இல்லாததற்குக் காகிதம் கேட்டால் எங்கே போக? "மகன் இல்லையா?" என்று கேட்டாள் கண்ணாடி போட்ட ஒரு பெண். இல்லை. "இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" செண்பகம் இதை எனக்குத் தமிழில் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் முறிந்த இடுப்பே வலிக்கவில்லை.

"ஏட்டி, பெத்தவ நான் சொல்லுதேன், இல்லன்னு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணுமாம் அந்த மகராசிக்கு?"

"எம்மா, சத்தம் போடாத. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்."

கடைசியில் ஊர்க் கிராம அலுவலரிடம் சான்றிதழ் வாங்கி, அதை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அதற்கு மேல் இன்னொரு முத்திரை குத்தி அனுப்ப வேண்டியிருந்தது. என் தம்பி பரமசிவம் குத்துக்கல்லாட்டம் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்க நாதியில்லை என்று கையெழுத்துப் போட்டேன். தம்பி கணக்கில் வர மாட்டானாம், பிள்ளைதான் கணக்காம்.

அந்த அலுவலகத்தில் இந்த நாட்டுப் பேச்சில் ஒரு சொல் கற்றுக்கொண்டேன். கைன். ஒன்றும் இல்லை, யாரும் இல்லை என்று சொல்ல அந்தச் சொல்லை முன்னால் போட வேண்டும். கைன் மகன், கைன் வீடு, கைன் வருமானம். என் சாமர்த்தியம் அதோடு சரி.

இந்த அனுமதிச் சீட்டுக்கும் செண்பகம் வேலைக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறது. அவளுக்குச் சம்பளம் இருந்தால் நான் இருக்கலாம். அவள் வேலையோ தவணை வேலை. தவணை முடிந்தால் அவள் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் நீட்டிக் கொடுக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

3

செண்பகத்தின் படிப்பை நம் ஆட்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை. அவள் வானத்துப் படிப்புக்குப் போகிறேன் என்றபோது என் தம்பிதான் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னான்: "ஏற்கெனவே வானத்தப் பாத்துத்தான் வெதைக்கோம், வானத்தப் பாத்துத்தான் அழுதோம். படிப்பும் வானத்தப் பாத்துத்தானா? எக்கா, இவள டீச்சருக்குப் படிக்க வையி, கழுகுமலையில நல்ல எடம் வருது." கழுகுமலை இடம் கழுகுமலையிலேயே நின்றது. அவள் போனாள். அவள் சென்னையில் படித்த காலத்தில் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

அதே வாய்கள்தான் இரண்டு வருடம் முன்னால் போனில் வாழ்த்தைக் கொட்டின. ஏதோ ஒரு நட்சத்திரத்தை ஒரு கிரகம் சுற்றுகிறது, கண்டுபிடித்த குழுவில் நம் பிள்ளை, அதுவும் அதன் அடையாளத்தை முதலில் பார்த்தவள் அவள்தான் என்று செய்தி வந்ததும், பரமசிவம் என்ன செய்தான் தெரியுமா? எந்த ஊரில் நடக்கும் இது? தீப்பெட்டிக்கு லேபிள் அடித்துவிட்டான். "புதுக்கிரகம்" என்று மார்க். நடுவில் நீல நிறத்தில் உருண்டையாய்க் கிரகம், ஓரத்தில் மஞ்சளாய்ச் சூரியன் மாதிரி அந்த நட்சத்திரம், கீழே பொடி எழுத்தில் "கண்டுபிடித்தவர் செண்பகம், கோவில்பட்டி". கிரகம் எப்படி இருக்கும் என்று கண்டவர் யாரும் இல்லை. சிவகாசி அச்சகத்துக்காரன் கண்டுவிட்டான்.

தீக்குச்சியை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் லேபிள்களை மட்டும் கட்டாக அனுப்பி வைத்தான். நான் சும்மா இருந்தேனா? கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் பெட்டி ஒட்டின கை இது. இங்கே கடையில் விற்கிற தீப்பெட்டிகளை வாங்கி, மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொன்றிலும் நம் லேபிளை ஒட்டினேன். கீழ்வீட்டு அம்மாளுக்கு ஒன்று, ரொட்டிக்கடைக்காரனுக்கு ஒன்று, என் இடுப்பைப் பார்க்கிற டாக்டருக்கு ஒன்று. அந்தக் கண்ணாடிப் பெண்ணின் மேசையில் கொண்டுபோய் ஒன்றை வைத்து, எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்: என் மகள், பார்த்துக்கொள். குழுத் தலைவருக்கும் ஒன்று போனது. அவர் அதைத் தன் அறையில் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

நான் ஒட்ட ஒட்ட, செண்பகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. சோலி அதிகம் போல என்று விட்டுவிட்டேன். இந்த நாட்டில் பிள்ளைகள் நம் கண் முன்னாலேயே தூரமாகிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நின்றபடி ரொட்டியைக் கடித்துக்கொண்டு, யாரிடமோ வேற்றுப் பாஷையில் போனில் பேசுகிறவளிடம் என்னத்தைக் கேட்க?

4

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரமசிவம் கூப்பிட்டான்.

"எக்கா, செண்பகம் ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்னத்தச் சொல்லணும்?"

"கிரகம் இல்லன்னு ஏதோ கூட்டத்துல பேசியிருக்காளாம். நம்ம மாரியப்பன் மருமகன் பெங்களூருல இருக்காம்லா, அவன் போன்ல பாத்துட்டுச் சொன்னான்."

"ஏலே, போன்ல ஆயிரம் போடுவான். அவ கிரகத்த அவளே இல்லம்பாளா?"

"அதத்தான் நானும் கேக்கேன். எந்தக் கிறுக்கச்சியாவது சொந்தச் சரக்கப் புழுத்துப்போச்சுன்னு கூவி விப்பாளா? பேச்சாத்தானக்கா சொல்லியிருக்கா? எழுத்துல இன்னும் குடுக்கலையாம். நிறுத்தச் சொல்லு. தீவாளிக்கு லேபிள் பெருசாப் போகுது. பள்ளிக்கூடத்துல பாராட்டு விழா வேற வச்சிருக்கோம். மானத்த வாங்கிராதீக."

போனை வைத்தேன். செண்பகம் அடுப்படியில் வழக்கம்போல நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, கிரகம் இருக்கா, இல்லையா?"

கையில் இருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். "இல்லம்மா."

"எப்பத்துல இருந்து இல்ல?"

"எப்பவுமே இல்லம்மா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஊரு பூராத் தெரிஞ்சிருக்கு. பெங்களூர்க்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. கூட இருக்கிற எனக்குத் தெரியல. ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

"நீ மாடிக்கு மாடி ஏறி லேபிள் ஒட்டிக் குடுத்துக்கிட்டு இருந்த. அந்த முகத்தப் பாத்து எப்படிம்மா சொல்ல?"

"அப்ப பேசாமயே இருந்திருக்கலாம்லா? அவ்வளவு தூரத்துல இருக்கத யாரு போயிப் பாக்கப் போறா?"

இதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கு இருக்கிறதே. திட்டியிருந்தால்கூட எனக்கு ஒன்றுமில்லை. கையைத் துடைத்துவிட்டுத் தன் கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "உக்காரு. நான் என்ன வேல பாக்கேன்னு ஒருநாளாவது பாரு" என்றாள்.

5

அவள் வேலை இதுதான். கணினிக்குள் ஒரு சூரியனைச் செய்து கொதிக்க விடுகிறாள்.

படம் வரைவது இல்லை. இவ்வளவு சூடு, இவ்வளவு ஆவி, இவ்வளவு காந்தம் என்று கணக்குக் கொடுத்துவிட்டால், மேலே எழுவது எழுந்து, கீழே விழுவது விழுந்து, அதுவாகவே கொதிக்கிறது. ஒரு துண்டுச் சூரியனைக் கொதிக்கவைக்கப் பெரிய பெரிய கணினிகள் வாரக்கணக்காக ஓடுமாம். மேசையில் பார்த்தேன். கோடையில் நம் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்குமே, அதே மாதிரி. ஆனால் பாளம் வெளிச்சமாய் இருக்கிறது, வெடிப்பு இருட்டாய் இருக்கிறது, எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு பாளம் கரைந்து இன்னொன்று வருகிறது.

"இந்தப் பாளம் ஒவ்வொண்ணும் நம்ம தமிழ்நாட்ட விடப் பெருசும்மா" என்றாள்.

நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கொதிப்பு அடங்கிக் கறுத்துக் கிடந்தது. கரும்புள்ளியாம். காந்தம் பிடித்து நிறுத்திவைத்த இடமாம்.

பிறகு சொன்னாள். கிரகத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கிரகம் சுற்றினால் அதன் இழுப்பில் நட்சத்திரம் துளி அசையும். அந்த அசைவு வெளிச்சத்தில் தெரியும். அதைப் பிடித்துத்தான் கிரகம் இருக்கிறது என்று சொன்னார்கள்.

"பம்பரத்துல ஒரு பக்கம் மட்டும் மை தடவி விட்டா, அது நேரா நின்னு சுத்தினாலும் ஆடுற மாதிரிதானம்மா தெரியும்? அதே மாதிரி, இந்தக் கரும்புள்ளியோட நட்சத்திரம் சுத்தும்போது, வெளிச்சம் அசைஞ்ச மாதிரியே காட்டும். நான் என்ன செஞ்சேன்னா, அந்த நட்சத்திரம் மாதிரியே ஒண்ணு செஞ்சேன். அதுல இருக்க புள்ளி, கொதிப்பு எல்லாம் வச்சேன். கிரகம் வைக்கல. கிரகமே வைக்காமச் சுத்த விட்டேன்."

"சுத்த விட்டு?"

"நாங்க கிரகம்னு சொன்னோமே அந்த ஆட்டம், அப்படியே வந்துச்சும்மா."

அவள் குரலில் அழுகை இல்லை. ஆனால் அவள் அதைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பாள் அல்லவா, கிரகம் வைக்காத நட்சத்திரம் தன் கிரகத்தின் ஆட்டத்தையே ஆடுவதை. யாரிடம் சொல்லியிருப்பாள்? வீட்டுக்கு வந்தால் நான் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்ப இந்தப் படிப்பு எதுக்கு? உள்ளதையும் இல்லன்னு சொல்லவா?"

"நட்சத்திரம் தானா ஆடுறது எவ்வளவுன்னு தெரிஞ்சு அதக் கழிச்சாத்தான், பூமி மாதிரிச் சின்னக் கிரகம் என்னைக்காவது மாட்டும். கழிக்காம எண்ணிக்கிட்டே போனா எல்லாமே லேபிள்தான்" என்றாள்.

சுருக்கென்று இருந்தது. எழுந்து போய்ப் பசைச் சட்டியைத் தேய்த்துக் கழுவினேன்.

6

அடுத்த வாரம் குழுத் தலைவரை அவள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நெட்டையான மனுசர், நல்ல மரியாதைக்காரர்தான். நான் சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம், அப்பளம் வைத்திருந்தேன். கையால் சாப்பிடத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொன்னார். தண்ணீர் குடித்தார், மறுபடி சொன்னார். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஏட்டி, அந்த ஒண்ணுமில்லயத்தான் சொல்லு."

சொன்னாள். "கிரகம் இல்லன்னு நான் எழுதுன கட்டுரைய இப்ப அனுப்ப வேண்டாங்காரு. கிரகம் இருக்குன்னு சொன்ன அறிவிப்புல நெறய ஆளுக பேரு போட்டிருக்காவ. ஒரு வருசம் பேசாம இருப்போம், அதுக்குள்ள வேற யாராவது சொன்னாச் சொல்லட்டுங்காரு. என் வேலைய நீட்டிக்கிற பேச்சும் அப்பச் சேத்துப் பேசிக்கலாமாம்."

பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்று இதே மேசையில் நான் சொன்னேன். கோவில்பட்டியிலிருந்து என் தம்பி சொன்னான். இப்போது இத்தனை படித்த மனுசர், என் வீட்டுச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு அதையே சொல்கிறார். நாங்கள் சொன்னது படிக்காதவர்கள் பேச்சு என்றாவது விடலாம். இவர் அந்தக் கொதிப்பைக் கண்ணால் பார்த்தவர். அதோடு, என் மகளின் சம்பளத்தையும் நான் இங்கே இருக்கிறதையும் கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறார்.

அவர் தட்டில் சோறு தீர்ந்திருந்தது. நான் கரண்டியை எடுக்கவில்லை. நம் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. பகையாளி வந்து உட்கார்ந்தாலும் போதும் போதும் என்று கையை விரித்து மறைக்கிற வரை வைப்போம். நான் சோற்றுச் சட்டியை மூடினேன்.

"எம்மா, அவருக்கு ரசம் ஊத்தல."

"ஊத்த மாட்டேன்."

அந்த மனுசருக்கு ஒன்றும் புரியவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று சிரித்தார். ஆனால் செண்பகத்துக்குப் புரிந்தது. சின்ன வயதில் என்னைப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் ஏதோ சொன்னாள், அதிகம் இல்லை, நாலு வார்த்தை. அவர் சிரிப்பு நின்றது. போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை.

கட்டுரை போனது. வெளியேயும் வந்துவிட்டது. அவர் தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார். செண்பகத்துக்கு மார்கழியோடு வேலை முடிகிறது. நீட்டிக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் எந்த ஊர், எந்த அலுவலகம், எதை இல்லை என்று காட்டச் சொல்வார்கள் என்று தெரியாது. ஊருக்கே வந்தாலும் வருவோம். வந்தால் தலையைத் தொங்கப்போட்டு வருவோம் என்று பார்க்கக் காத்திருக்கிறவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போகலாம்.

7

லேபிள் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே போனேன். கொடுத்தது நான், சொல்லவும் நான்தான் சொல்ல வேண்டும். தெரிந்த ஒரு சொல்லை வைத்துச் சொன்னேன்: "கைன் பிளானெட்." ரொட்டிக்கடைக்காரன் தலையை ஆட்டிவிட்டு எனக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தான். கண்ணாடிப் பெண், காகிதம் ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று என் கையைப் பார்த்தாள். கீழ்வீட்டு அம்மாள்தான் சாவு வீட்டில் துட்டி கேட்க வந்தவள் போல என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். மறுநாள் கேக் ஒன்று செய்து வாசலில் வைத்திருந்தாள். அவள் என்னவென்று நினைத்தாளோ. கோவில்பட்டியிலிருந்து ஒருவரும் அந்த அளவுக்குக்கூட விசாரிக்கவில்லை.

பிறகு பரமசிவத்தைக் கூப்பிட்டேன்.

"ஏலே, லேபிள நிறுத்து."

"எக்கா, ஓடுற சரக்கு. கடைக்காரன் 'கிரகம் குடு, கிரகம் குடு'ன்னு கேட்டு வாங்குதான். தீப்பெட்டி வாங்குறவன் வானத்தையா பாக்கான்? பத்துதா பத்தலையான்னுதான் பாப்பான்."

"அப்பக் கிரகத்த வச்சுக்கோ. அவ பேர எடு."

"பேர எடுத்தா, நாங்களே அவளத் தள்ளி வச்சுட்டோம்னுல்லா பேசுவான்?"

"சரி, பேர வச்சுக்கோ. கிரகத்த எடு."

"கிரகத்த எடுத்துட்டா லேபிள்ல என்னக்கா இருக்கும்?"

"ஓரத்துல மஞ்சளா ஒண்ணு இருக்குல்லா? அத நடுவுல வையி. அதுதான் அவ பாத்தது."

"வெறும் மஞ்சளயா? நல்லாவா இருக்கும்?"

"வெறும் மஞ்சள் இல்ல. அனுப்பி வைக்கேன், பாரு."

மீதியிருந்த லேபிளில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். நீல உருண்டைக்கு மேலும் "புதுக்கிரகம்" என்ற எழுத்துக்கு மேலும் வெள்ளைக் காகிதத்தை வெட்டி ஒட்டி மறைத்தேன். கண்மை டப்பாவை எடுத்து, சுண்டுவிரலில் தொட்டு, பிள்ளைக்குத் திருஷ்டிப்பொட்டு வைப்பது போல அந்த மஞ்சளின் நட்ட நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். செண்பகம் கையில் ரொட்டியோடு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்கன இல்லம்மா" என்றாள். "நடுவுல புள்ளி அவ்வளவா வராது. கொஞ்சம் மேல வையி. கீழயும் ஒண்ணு."

நடுவில் வைத்ததைத் துடைத்துவிட்டு, அவள் சொன்ன இடத்தில் வைத்தேன். அந்த லேபிளை இந்தக் கட்டுரையோடு இணைத்திருக்கிறேன். பட்டுச்சேலைப் புகைப்படம் கேட்டீர்களே, அதற்குப் பதிலாக இதைப் போடுங்கள். போட்டுவிட்டு, என் தம்பியின் ஆலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பேர் அதற்குக் கீழே இருக்கட்டும்.